அமலோற்பவம் சிஸ்டர் கூப்பிடும் வரிசை

நாற்பத்தொன்று. என் டோக்கன் நாற்பத்தொன்று. இப்போது உள்ளே போயிருப்பது ஒன்பதா, பதினேழா, முப்பத்துமூன்றா, கடவுளுக்கே வெளிச்சம், ஏனென்றால் இந்த அமலோற்பவம் சிஸ்டர் எண்களை மதிக்கிற ரகமே இல்லை. மணி ஏழு பத்து. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி, அதோடு சரி. பதினோரு மணி நேரமாக வயிறு காலி, காபி கூட இல்லை, காபி குடிக்காத தலை என் தலையே இல்லை. வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்காகப் பொங்கல் வெந்துகொண்டிருக்கிறது, மிளகும் நெய்யும் கலந்த அந்த வாசனை மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாக நேரே என் மூக்கைத் தேடி வருகிறது, இதைவிடக் கொடுமை உண்டா. கல்லாத்துப்பட்டி நடுநிலைப்பள்ளி, சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சு, முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்துவிட்டது. வான்மதி, உனக்கு இது தேவையா? தேவைதான், எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் சபேசன் சார் சொன்னாரே, ரெண்டு வருஷமா இந்த ஜனங்க ரத்தத்தை வச்சு கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டுற, ஒரு தடவையாவது முகாமைப் போய்ப் பாரு, ஒரு போட்டோ எடுத்துட்டு வா, திங்கட்கிழமை காட்டறதுக்கு ஆகும், நீயே ரத்தம் கொடுக்கிற மாதிரி இருந்தா இன்னும் நல்லது என்று. ஆக நான் வந்திருப்பது அறிவியலுக்காக இல்லை, போட்டோவுக்காக. திங்கட்கிழமை. சென்னையில் சுகாதாரத் துறை அதிகாரிகள் முன்னால் நான் பேச வேண்டும், நான், வான்மதி, துறையூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரி போனவள். ஒரு சொட்டு ரத்தத்தில் இருக்கும் முந்நூறு பொருள்களை அளந்து, இன்னும் ஆறு வருஷத்தில் யாருக்குச் சர்க்கரை நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் என் கணிப்பு முறையை, ஒத்துக்கொண்டார்கள் என்றால் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைப்பார்கள். நினைத்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, பசி எது உணர்ச்சி எது என்று தெரியவில்லை.

"முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு யாரு, நீங்கதானம்மா, வாங்க." முப்பத்தெட்டாம்! இப்போதுதான் ஆறாவது ஆள் முடிந்தது, அதற்குள் முப்பத்தெட்டு. வாசலில் நின்று கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, கலங்கரை விளக்கம் மாதிரி இடமிருந்து வலம் ஒரு சுற்று, அப்புறம் ஒரு விரல். அந்த விரல் யாரைக் காட்டுகிறதோ அவர் உள்ளே. ஆறு மணிக்கே வந்து ஒன்றாம் எண் வாங்கின மனுஷன் தேமே என்று உட்கார்ந்திருக்கிறார். எனக்கானால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா, நாங்கள் அங்கே ஒவ்வொரு எண்ணையும் தங்கம் போலத் தாங்குகிறோம், வயது, எடை, இடுப்புச் சுற்றளவு, எந்த ஊர், எந்த மாதம், எந்த நாளில் இயந்திரத்தில் போட்டது, அத்தனையின் பாதிப்பையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை நம்புகிறோம். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன், டிபன் பாக்ஸ் கொண்டு வருகிற குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்றால் டிபன் பாக்ஸா பாடம் சொல்லிக் கொடுத்தது, பின்னால் மறைந்து நிற்பது எது என்று பாருங்கள், வீட்டில் காலையில் சமைக்க ஆள் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று. கைதட்டினார்கள். மறைந்து நிற்பதைப் பிடிப்பதில் வான்மதி மேடம் கில்லாடி. "நீங்க மொதத் தடவையாம்மா?" பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்கிறார், லாரி ஓட்டுகிற காத்தமுத்து, வந்ததும் தானே பேர் சொல்லிக்கொண்டார், டோக்கன் நாற்பது, ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த முகாமிலும் ரத்தம் கொடுத்தவர், ஆக இவரும் என் கணிப்பு முறைக்குள் ஒரு வரியாக இருக்கிறார். "ஆமாங்க. டோக்கன்படி கூப்பிட மாட்டாங்களா?" "நர்சம்மாவா? அது கூப்புடுறதுக்கு நம்பரே கெடயாது. முன்ன ஒரு தடவ லைன்ல ஒருத்தன் மயங்கி வுழுந்து பல்லு போயிருச்சு. அதுலேருந்து யாரு தாங்க மாட்டாங்கன்னு தோணுதோ அவங்களத்தான் மொதல்ல கூப்புடும். மீதிப் பேருக்குத்தான் நம்பரு." நல்ல மனசுதான், சரி. என் கோபம் கொஞ்சம் இறங்கியது. மனுஷர் விடவில்லை. "போன தடவ எனக்கு நம்பரு அம்பத்தஞ்சு. மூணாவதா கூப்புட்டுச்சு. நான் நல்லாத்தான இருக்கேன்னேன். வாய மூடிட்டு உள்ள வான்னுச்சு. இப்ப மூணு வருசமா சுகர் மாத்திர தின்னுக்கிட்டு இருக்கேன். ஊர்லயே சொல்லுவாங்க, நர்சம்மா முந்திக் கூப்புட்டா அவனுக்கு சுகரு நிச்சயம்னு. அந்தா பாருங்க செல்வராசு, நெஞ்ச நிமித்திக்கிட்டு எப்புடி உக்காந்திருக்கான், கூப்புட்டுருமோன்னு பயம் அவனுக்கு." சிரித்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே திறந்த வாசல் வழியாக என் கண் உள்ளே மேஜைப் பக்கம் போனது.

இரு. இரு இரு. முந்திக் கூப்பிட்டால் என்ன ஆகும்? முந்தி ரத்தம் எடுப்பார்கள். முந்தி எடுத்த ரத்தம் என்ன ஆகும்? அதோ, மேஜை மேல் மரச்சட்டத்தில் வரிசையாக நிற்கிறது, ஆறு குழாய்கள். எதற்காக நிற்கின்றன? மற்றவர்களுக்காக. எண்பது பேருக்கும் எடுத்து முடித்து, வேன் பத்தரை மணிக்குக் கிளம்பி, திருச்சி போய்ச் சேர்ந்த பிறகுதான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுழற்றி ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரிப்பார்கள். அதுவரைக்கும் குழாய்க்குள் ரத்தம் சும்மாவா இருக்கும்? அது உயிரோடுதானே இருக்கிறது, சிவப்பணுக்களுக்கு நாம் முகாம் நடத்துவது தெரியாது, அவை பாட்டுக்குச் சர்க்கரையைத் தின்னும், கழிவைத் துப்பும். முதல் குழாய் நாலு மணி நேரம் தின்னும். கடைசிக் குழாய் அரை மணி நேரம்தான். ஐயோ. ஐயோ, எங்கள் முரண்! சபேசன் சார் பெயர் வைத்துக் கொண்டாடிய அந்த முரண், இன்று ரத்தத்தில் சர்க்கரை குறைவாகவும் ஹைப்போசாந்தின் என்ற கழிவுப்பொருள் அதிகமாகவும் இருப்பவர்களுக்குத்தான் பின்னாளில் சர்க்கரை நோய் வருகிறது என்று உலகத்துக்கே புதிதாக நாங்கள் கண்டுபிடித்த அந்தப் பெரிய விஷயம், அதற்கு விளக்கம் எழுத எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேனே, ஈரல், தசை, பரம்பரை என்று என்னென்னவோ எழுதினேனே, அது ஈரலும் இல்லை தசையும் இல்லை, அது காத்திருந்த நேரம். குழாய் காத்திருந்த நேரம்! நேரத்தை நாங்கள் கழிக்கவில்லை, ஏனென்றால் நேரத்தை யாரும் எழுதவே இல்லை, படிவத்தில் தேதிக்குக் கட்டம் இருக்கிறது, மணிக்குக் கட்டம் இல்லை. ஆனால் பக்கத்து ஒன்றியத்து முகாமிலும் சோதித்துப் பார்த்தோமே, அங்கேயும் கணிப்பு அப்படியே பலித்ததே, அங்கே வேறு நர்ஸ் ஆயிற்றே. வேறு நர்ஸா? அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தது யார்? வேன் டிரைவர் வரும் வழியில் சொல்லிக்கொண்டு வந்தாரே, இந்த ஜில்லாவில் ஊசி பிடிக்கிற பெண்கள் பாதிப் பேர் அமலோற்பவம் சிஸ்டரிடம் கை பழகினவர்கள் என்று. அங்கேயும் இதே கண், இதே விரல்.

ஸ்டிக்கர்! கடவுளே, ஸ்டிக்கர். ஊசி குத்துகிற வரிசையில்தான் சுருளிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்துக் குழாயில் ஒட்டுகிறார்கள், இதோ என் கண் முன்னாலேயே கிழிக்கிறார்கள், முப்பத்தெட்டாம் டோக்கன் அம்மாவுக்கு ஏழாம் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் எண்தான் கூப்பிட்ட வரிசை. அது என் கையில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், அட்டவணையின் எல்லாப் பத்திகளையும் அள்ளிக் கணிப்பு முறைக்குள் கொட்டினேன், கணிப்புக்கு முக்கியமான முதல் பத்து விஷயங்களில் ஒன்றாக ஸ்டிக்கர் எண் வந்து நின்றது, சபேசன் சார் விழுந்து விழுந்து சிரித்தார், ஏம்மா ஸ்டிக்கருக்குச் சுகர் வருமா என்று, நானும் சிரித்துக்கொண்டே அந்தப் பத்தியை அழித்தேன். அது சொல்லத்தான் வந்தது. முதல் ஆளாக வந்து சொன்னது. நான்தான் வாயைப் பொத்தி வெளியே அனுப்பினேன், கில்லாடி மேடம். அசல் கோப்பு செல்போனில் இருக்கிறதா? இருக்கிறது, பழைய மின்னஞ்சலில், திற, திற, கட்டைவிரல் ஏன் இப்படி வழுக்குகிறது, சிஸ்டர் ரத்தம் எடுத்த முகாம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலு வரி. டோக்கன் ஒரு பத்தி, ஸ்டிக்கர் ஒரு பத்தி, டோக்கனிலிருந்து ஸ்டிக்கரைக் கழி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு. கடைசிப் பத்தி மட்டும் போதும், நோய் வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம். சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, கல்லாத்துப்பட்டியில் சிக்னல் கிடைக்காமல் இல்லை, போனே கிழடு. வந்துவிட்டது. ஒன்று. ஒன்று. பூஜ்யம். ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று. பூஜ்யம். ஒன்று. நான் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது, காத்தமுத்து அண்ணாந்து பார்க்கிறார். உட்கார். மேலே நாற்பது வரியில் இருபத்தொன்பது ஒன்று. கீழே போ, கடைசி நாற்பது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், விரல் வலிக்கிற வரைக்கும் பூஜ்யம், நடுவில் ஒரே ஒரு ஒன்று. முந்நூறு பொருளும் வேண்டாம், கோடி ரூபாய் இயந்திரமும் வேண்டாம், ஒரு கழித்தல் கணக்கு! யாருக்கும் தெரியாமல் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரைப் பற்றி ஒரு பெண் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறாள், அது எண்ணாகப் பதிவாகியும் இருக்கிறது, அவளுக்கே அது தெரியாது. கத்த வேண்டும் போல இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம் நான் கண்டுபிடித்தது தப்பு என்பதுதான், ஆனாலும் இந்தச் சந்தோஷம் அடங்க மாட்டேன் என்கிறது, காது மடல் சுடுகிறது.

திங்கட்கிழமை. சந்தோஷத்துக்கு நடுவில் அது வந்து உட்காருகிறது. சொன்னால் என் முறை போயிற்று. காத்திருந்த நேரத்தைக் கழித்தால் மிச்சம் என்ன தேறும், தெரியாது, ஒன்றும் தேறாமல் போகலாம். இரண்டு வருஷம், முதல் பெயராக என் பெயர் போட்ட கட்டுரை, அம்மா பக்கத்து வீட்டு வாசலில் நின்று சொன்ன பெருமை, எல்லாம் போகும். சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது. ஸ்டிக்கர் பத்தியை நான்தான் அழித்தேன், என்னைத் தவிர யாரும் அதைத் தேட மாட்டார்கள். ஒத்துக்கொள்வார்கள், வைப்பார்கள். ஆனால் சுகாதார நிலையத்தில் என்ன நடக்கும்? அங்கே காலையில் முதலில் வந்து நிற்பது யார், வயலுக்குப் போக வேண்டிய ஆரோக்கியமான ஆட்கள். அவர்கள் குழாய்தான் அதிக நேரம் காத்திருக்கும். என் முறை அவர்களைப் பார்த்து உனக்கு நோய் வரும் என்று பயமுறுத்தும், பத்து மணிக்கு மேல் தள்ளாடி வருகிறவரைப் பார்த்து நீ பிழைத்தாய் போ என்று அனுப்பிவிடும். அந்த ஆள் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்வான். கால் மரத்த பிறகுதான் திரும்பி வருவான். இல்லை, இதைத் தெரிந்துகொண்டு வாயை மூடினால் எனக்குச் சோறு இறங்காது, பொங்கல் கூட இறங்காது. சரி, அப்படியென்றால் சொல்லிவிடலாம், ஆனால் உறுதி வேண்டாமா, ஒரு சாயந்தரம் செல்போனில் கழித்தல் போட்டதை வைத்துக்கொண்டா, சாயந்தரமா, இது காலை, மணி ஏழு நாற்பது, எனக்குப் பொழுதே குழம்பிவிட்டது. உறுதிக்கு என்ன வேண்டும்? நேரம் வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் குத்தின நேரம். அது இருந்தால் மறைந்து நிற்பது மறைவில் இல்லை. ஆனால் கண்? அவள் கண் எதைப் பார்க்கிறது? முப்பத்தெட்டாம் அம்மா எழுந்தபோது பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், அதையா? உதட்டையா, மூச்சையா, கழுத்தையா? கழுத்துக் கருப்பு. பின்கழுத்தில் கருத்துத் தடித்தால் சர்க்கரை வரப்போகிறது என்பார்கள், நானே படித்திருக்கிறேன். என் கழுத்து. கவரிங் செயின் போட்டதால் வந்தது என்று அம்மா கடலை மாவும் எலுமிச்சையும் தேய்த்தாள், செயினைக் கழற்றி ஒரு வருஷம் ஆகிறது, போகவில்லை. அப்பாவுக்கு நாற்பது வயதில் வந்தது. எனக்கு முப்பது. துப்பட்டாவை இழுத்துக் கழுத்தைச் சுற்று. நிமிர்ந்து உட்கார். செல்வராசு மாதிரி உட்கார். வாசலுக்கு வந்துவிட்டார், கண்ணாடிக்கு மேலாகப் பார்வை, இடமிருந்து வலம், நான் சுவரில் ஒட்டியிருக்கும் வாய்பாட்டைப் படிக்கிறேன், ஏழெட்டு ஐம்பத்தாறு, நான் நன்றாக இருக்கிறேன், ஏழொன்பது அறுபத்துமூன்று, நான் திடகாத்திரமாக இருக்கிறேன், என்னைக் கூப்பிடாதீர்கள், உங்கள் வரிசையில் மேலே இருந்த நாற்பது பேருக்கு என்ன ஆயிற்று என்று இந்த அறையிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

"நாப்பத்தொண்ணு. நீதாம்மா, ஆபீஸ் பொண்ணு. வா." பதினொன்றாவது. நான் பதினொன்றாவது ஆள். காத்தமுத்து என்னைப் பார்த்தார், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்காலி சில்லென்று இருந்தது. ஸ்பிரிட் பஞ்சு முழங்கையில் பட்டது, சிஸ்டரின் கை மட்டும் சூடாக இருந்தது, அறுபதை நெருங்குகிற கை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. "என்னை ஏன் சிஸ்டர் முன்னாடி கூப்பிட்டீங்க?" குரல் கீச்சென்று வந்தது. "கையப் பாரு, எப்படி நடுங்குது. அரை மணி நேரமா நெளியுற, எழுந்து நிக்குற, ஒக்காருற. மொகமெல்லாம் வேர்வை. நீ விழுந்தா நான் ஒங்க சாருக்கு என்ன பதில் சொல்லுவேன்?" நடுக்கம்! நான் நடுங்கினது உங்களைக் கண்டுபிடித்த நடுக்கம் சிஸ்டர், அதுவா, அல்லது உண்மையிலேயே சர்க்கரையா, இரண்டில் எது என்று எப்படிப் பிரிப்பது, எனக்கே என் காரணி தெரியவில்லையே. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காத, நரம்பு ஓடுது." ஊசி இறங்கியது, குழாயில் ரத்தம் ஏறியது, கருஞ்சிவப்பாக, அவசரமே இல்லாமல். பதினொன்றாம் ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டினார். அந்த வெள்ளைத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருந்தது. "சிஸ்டர், அதுல நேரம் எழுதுங்க." "நேரமா? அதெல்லாம் எழுதறது இல்லையே. இத்தன வருசத்துல யாரும் கேட்டதில்ல." "இனிமே எல்லாருக்கும் எழுதணும். இதுக்கு முன்னாடி எடுத்த பத்துக்கும் ஞாபகம் இருக்கறப்பவே எழுதிடுங்க." "எழுதுறேன், அதுக்கென்ன. எழுதினா ஒனக்கு நல்லதா? ஏதோ பெருசா கண்டுபிடிச்சிருக்கியாமே, டிரைவர் சொன்னாரு, திங்கக்கிழம மெட்ராஸ்ல பேசுறியாமே." நான் உண்மையைச் சொன்னேன். "எழுதினா அது அவ்வளவுதான் சிஸ்டர். ரெண்டு வருஷ வேலை மொத்தமும் போயிடும்." பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், வாசலில் நின்று எல்லோரையும் பார்க்கிற அதே பார்வை, பரிவு ததும்புகிற பார்வை. "ரெண்டு வருசமா? அப்ப எதுக்குடா கண்ணு? வேணாம், விடு. நான் எழுதல, யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொல்லி, மெதுவாகப் பேனாவை மூடினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பரிவுக்குள் அப்படியே சாய்ந்துவிடலாம் போலிருந்தது. வலது கை பஞ்சை அழுத்திப் பிடித்து மடங்கியிருந்தது. இடது கையை நீட்டி அவர் விரலிலிருந்து பேனாவை வாங்கினேன், பல்லால் கடித்து மூடியைத் திறந்தேன், இன்னும் சூடு ஆறாத குழாயை மேஜையில் உருட்டி நிறுத்தி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல் மாணலாக எழுதினேன், ஏழு ஐம்பத்திரண்டு.